கலக்காமல் ஊற்றிய கேன்

என் கையெழுத்து கோழி கிண்டினது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும் கேன்மேல் எண் எழுதவும்தான்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தைந்து வருடம் அட்டெண்டராக இருந்தேன். போன வருடம் ஐம்பத்தெட்டு முடிந்து வெளியே வந்தேன். லேபில் இப்போது வேலை செய்கிற டெக்னீசியன் பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்து, இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர் எடுக்கிற பழைய முறையை எழுதித் தரச் சொன்னார்கள். "இப்ப கேன் மாசத்துக்கு ஒண்ணு வந்தா பெருசு அண்ணாச்சி. ஒரு தடவ போறதிலயே மெஷினு கணக்கு சொல்லீருகு. கேன் வந்தா எங்களுக்கு மொற தெரியல்ல" என்றாள் ஒருத்தி. எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முறையை எழுதினால், அந்த முறையை நான் ஒரு தடவை தவறவிட்டதையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதப் பார்த்தேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான் அங்கே சேர்ந்தது தரை துடைக்க. ஒரு வருடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ விட்டார்கள். கழுவுவது சுத்தமாக இருந்ததால் பயோகெமிஸ்ட்ரி பகுதிக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே எனக்கு மேலே இருந்தவர் லீலா மேடம். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். நல்ல உயரம். நரை வந்த பிறகும் தலைக்கு மை போடவில்லை. வேலை தொடங்கும் முன்பு கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது பக்கம் வைப்பார். ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுவார். நான் பார்த்தவரை அவர் யாரையும் சத்தம் போட்டது இல்லை. யாராவது தப்பாகச் செய்தால், "இன்னொரு வாட்டி செய்வோம்" என்பார். "செய்" என்று சொல்ல மாட்டார். அவரும் வந்து பக்கத்தில் நிற்பார். அது ஏச்சு வாங்குவதைவிடக் கஷ்டம்.

முறை இதுதான். நோயாளி கேனை வாங்கிக்கொண்டு போக வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போகிற முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். அது முந்தின இரவினுடையது. அதற்குப் பிறகு பகலும் இரவும் போகிற ஒவ்வொன்றும் கேனுக்குள். அதற்கடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் போவதையும் சேர்த்து மூடிக் கொண்டுவர வேண்டும். வந்ததும் நான் பெரிய அளவுக் குடுவையில் ஊற்றி அளப்பேன். குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, நீரின் வளைவுக்கு அடிப்பக்கம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் படிக்க வேண்டும். பிறகு திரும்பக் கேனிலேயே ஊற்றி, மூடியை முறுக்கி, பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் நுரை வரும். கலந்த பிறகு இரண்டு குழாயில் எடுத்தால் போதும். மேடம் அந்தக் குழாயைப் பார்த்து ஒரு நாள் சொன்னார்: "இது மூத்திரம் இல்ல தாணு. ஒரு ஆளுக்க ஒரு நாளாக்கும். நீ மேலாக்க கோரி எடுத்தா அந்த நாளுல பாதிதான் எனக்குக் கிட்டும்."

சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பார்க்கிற கேன் என்றால் இன்னொரு காரியம் உண்டு. அவை இரண்டும் நேரம் ஆக ஆக அடியில் உப்பாகப் படிந்துவிடும். படியாமல் இருக்க முன்கூட்டியே கேனில் ஆசிட் அளந்து விட்டிருப்போம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆசிட் போட்ட கேன் கொடுப்பதில்லை, மேலே தெறித்தால் பொள்ளிவிடும். அவர்கள் கேன் லேபுக்கு வந்த பிறகு நாங்கள் ஆசிட் சேர்த்து, கலக்கி, ஒரு மணி நேரம் வைத்து, மறுபடி கலக்கி எடுக்க வேண்டும். எந்தக் கேனில் ஆசிட் இருக்கிறது என்று மேடம் இங்கிலீஷில் எழுதி ஒட்டுவார். எனக்கு இங்கிலீஷில் எண் மட்டும்தான் தெரியும். அதை நான் சொல்லாமலே தெரிந்துகொண்டு, மறுநாள் ஒரு பழைய சேலைத் துண்டும் ஒரு வேட்டித் துண்டும் கொண்டுவந்தார். ஆசிட் உள்ள கேனின் கைப்பிடியில் சிவப்புத் துணி. இல்லாததில் வெள்ளைத் துணி. யாரிடமும் ஏன் என்று விளக்கம் சொல்லவில்லை.

நோயாளிகளுக்கு இந்த ஆறு மணிக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எனக்குக் கூச்சம் அதிகம். அதிலும் பெண்களிடம் போய் இதை எப்படிச் சொல்வது. கேனைப் பார்த்தபடியே சொல்லி முடிப்பேன். "இவரு நம்மகிட்ட பேசுகாரா, கேன்கிட்ட பேசுகாரா?" என்று ஒரு அம்மா கேட்டே விட்டாள்.

தேரூரிலிருந்து ஒரு வயல்காரர் கேனில் முக்கால் லிட்டர்தான் கொண்டுவந்தார். பகலில் போனது எங்கே என்று கேட்டேன். "வே, நான் வயல்ல கெடக்கேன். இதையும் தூக்கிட்டு வரப்பில போனா ஊரு சிரிக்காதா? பூச்சி மருந்து டப்பா ஒண்ணு கெடந்தது. அதில பிடிச்சு வச்சிருக்கேன், அதையும் சேத்துக்கிடும்" என்று பையிலிருந்து டப்பாவை எடுத்தார். மேடம் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொரு வாட்டி செய்வோம் என்றார்.

கோட்டாறு ஜவுளிக்கடைப் பாய் ஒருவர் கேனை அழகான கடைப்பையில் வைத்து டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர், "எண்ணெயா பாய்?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா மக்கா, வீட்டு எண்ணெய்." "நமக்கு ஒரு லிட்டர் கிட்டுமா?" "டாக்டருக்குச் சொல்லி வச்சது, வேற ஆளுக்குக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லித் தப்பித்து வந்தேன் என்றார். மேடம் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி அந்தக் காரியம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, இனயத்திலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பெயர் அனிஷா, ஒன்பது வயது. அப்பா ஆன்றனி கடல் தொழில். அம்மா ஜெயமேரி. பிள்ளைக்குக் கைவிரல் இழுத்துக்கொள்ளும், இடையிடையே வலிப்பு வரும். இரத்தத்தில் மக்னீசியம் மிகக் குறைவாக இருந்தது. அது எந்த வழியாக வெளியே போகிறது என்று தெரிய வேண்டும். சிறுநீரில் போனால் சிறுநீரகத்தில் கோளாறு. சிறுநீரில் இல்லையென்றால் வயிறு சத்தைப் பிடிக்கவில்லை என்று பொருள். அதைச் சொல்ல வேண்டியது எங்கள் கேன்.

அக்காள் மகள் கல்யாணத்துக்காக நான் இரண்டு நாள் லீவில் இருந்தேன். வேறு அட்டெண்டர் கேன் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சின்னப் பிள்ளை என்பதால் வெள்ளைத் துணி கட்டிய கேன். ஜெயமேரி வீட்டுக்குப் போய்க் கேனை நன்றாகக் கழுவியிருக்கிறாள், பின்னாளில் பேச்சுவாக்கில் அவளே சொன்னது. அதில் துணி அவிழ்ந்து போயிற்று. குடிவெள்ளக் கேன் என்று நினைத்து யாராவது எடுத்துவிடக் கூடாதே என்று, பிள்ளையின் பள்ளிக்கூட ரிப்பனை எடுத்துக் கைப்பிடியில் கட்டினாள். சிவப்பு ரிப்பன்.

நான் லீவு முடிந்து வந்த காலையில் பதினொரு கேன் வரிசையாக இருந்தன. சிவப்பைப் பார்த்தேன். ஆசிட் உள்ள கேன் என்று எடுத்துக்கொண்டேன். அளந்தேன். மூன்று லிட்டருக்கு மேல் இருந்தது. ஆசிட் இருந்தால் அடியில் படியாது என்ற தைரியத்தில், கலக்காமல் மேலாகக் குழாயில் ஊற்றி வைத்தேன். சீட்டில் வயது ஒன்பது என்று எழுதியிருந்தது. எண் எனக்குத் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆசிட் கேன் கொடுப்பதில்லை என்பதும் தெரியும். துணி எந்த நிறமானாலும் பத்துத் தடவை கவிழ்க்க வேண்டும் என்பதும் தெரியும். அன்றைக்கு எதையும் நான் யோசிக்கவில்லை.

சுண்ணாம்பும் மக்னீசியமும் சிறுநீரில் மிகக் குறைவு என்று ரிப்போர்ட் போயிற்று. மேடம் பென்சில் கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சிறுநீரகம் நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பாடு போதவில்லை அல்லது வயிறு பிடிக்கவில்லை என்று சொல்லி, மாத்திரை கொடுத்து, கீரையும் பருப்பும் கொடுக்கச் சொல்லிப் பிள்ளையை அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கேன்களைக் கொட்டிக் கழுவினேன். அந்தக் கேனின் அடியில் வெள்ளையாக மாவு போல ஒட்டிக்கிடந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கொஞ்சம் ஆசிட் விட்டுச் சுற்றினேன். கரைந்து தெளிந்துவிட்டது. அப்போதுதான் கைப்பிடியைப் பார்த்தேன். அது எங்கள் சேலைத் துணி இல்லை, கடையில் வாங்கின ரிப்பன். அந்தப் பிள்ளையின் சத்து முழுக்க அடியில் கிடந்திருக்கிறது. மேலே இருந்த வெறும் நீரைத்தான் நான் மேடத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

மேடத்தின் மேசை வரைக்கும் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன். சாயங்காலம் போனேன், டெக்னீசியன்கள் நின்றார்கள். எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது. மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் அதற்கு மறுநாள் ஆயிற்று. எப்படியும் திரும்ப ஒரு கேன் எழுதுவார்கள், அப்போது சரியாக எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. மேடம் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம்தான். அப்படி நாற்பது நாள் போயிற்று.

நாற்பதாம் நாள் வராந்தாவில் ஜெயமேரியைப் பார்த்தேன். பிள்ளைக்குப் பெரிய வலிப்பு வந்து, கடலரிப்புக்குப் போட்ட கல்லின்மேல் விழுந்து புருவத்துக்கு மேலே கிழிந்திருந்தது. வார்டில் சேர்த்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வந்துவிட்டாள்.

"அண்ணா, நீங்க லேபில உள்ளவியதானே? மூத்திரத்தில ஒண்ணும் இல்லண்ணு சொன்னாவளே. பெறவு எதுக்கு எனக்க பிள்ளைக்கு இப்பிடி வருகு? எந்நேரமும் குடிக்க வெள்ளம், வெள்ளம்ணு கேக்குகு. மூணு நேரமும் கீரை. வாயில வச்சுத் திணிக்கேன். எங்க மாமி சொல்லுகாவ, பிள்ளைக்குத் தின்னக் குடுக்காம நீ தின்னியாண்ணு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பாக்கேன்" என்றேன். அங்கிருந்து நேரே மேடத்தின் மேசைக்குப் போனேன். அன்றைக்கும் ஆள் நின்றார்கள். நின்றபடியே சொன்னேன்.

"மேடம், இனயம் பிள்ளைக்க கேன நான் கலக்கல்ல."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். பிறகு என்னிடம், "ஆசிட் விட்டியா?"

"இல்ல மேடம். செவப்பு கெடந்தது. இருக்குண்ணு நெனச்சேன். பிள்ளைக்க ரிப்பன் அது. அடியில வெள்ளையாக் கெடந்தது. ஆசிட் விட்டப்பம் கரைஞ்சு போச்சு."

"எத்தன நாளாச்சு இது?"

"நாப்பது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போடவில்லை. "நாப்பது நாளா இது எனக்குத் தெரியண்டாமா தாணு?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அவர் எழுந்து தாழ்வாரத்துக் குழாயில் முகம் கழுவி வரச் சொன்னார். வந்தபோது ஒரு புதுக் கேனில் வெள்ளைத் துணி கட்டி மேசைமேல் வைத்திருந்தார். "இன்னொரு வாட்டி செய்வோம். வார்டுக்கு நான் போறேன். நீ இஞ்ச இரு."

மேடம் வார்டுக்குப் போய் நான் அதற்கு முன் பார்த்தது இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்து வெகுநேரம் கை கழுவினார். "அவியகிட்ட நீ ஒண்ணும் சொல்லண்டாம். ரிப்பன் காரியம் அந்தப் பெண்ணுக்க காதில விழவே கூடாது. கேனை ஒழுங்கா எடு, அது போதும்" என்றார். லேபுக்குக் கெட்ட பெயர் வராமல் இருக்கச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை கேன் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து அளந்தோம். ஆசிட் விட்டதும் அடியில் இருந்த மங்கல் மெல்ல மறைந்தது. ஒரு மணி நேரம் வைத்தோம். நான் கவிழ்க்க அவர் எண்ணினார். அன்று வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மேடம் ரிப்போர்ட் எழுதக் காத்திருக்காமல் சிறுநீரக டாக்டருக்குப் போன் செய்தார். சுண்ணாம்பும் மக்னீசியமும் பிள்ளையின் உடம்பிலிருந்து சிறுநீரில் கொட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகத்திலும் உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தது.

டாக்டர் பெற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னபோது நானும் அங்கே நின்றேன். அடுத்து எடுக்க வேண்டிய கேன்களுக்கு நாள் குறிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் இளவயது. ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

சிறுநீரகத்துக்குள் முடியைவிட மெல்லிய குழாய்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. இரத்தத்தை வடிகட்டும்போது நீரும் உப்பும் நல்லது கெட்டது பார்க்காமல் அந்தக் குழாய்க்குள் விழுந்துவிடும். அதற்குப் பிறகு குழாயின் சுவர்தான் வேண்டியதைத் திரும்ப உடம்புக்குள் எடுக்கும். சுவர் என்றால் செல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்பது. திரும்ப எடுக்க இரண்டு வழி. ஒன்று, செல்லுக்குள்ளே புகுந்து மறுபக்கம் வருவது. இன்னொன்று, இரண்டு செல்லுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாக வருவது. அந்த இடுக்கைத் தையல் போட்டது போல ஒரு பொருள் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தத் தையல் முழுக்க அடைப்பதற்கு இல்லை. குழாயின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு மாதிரித் தையல். ஒரு வளைவு தாண்டி மேலேறுகிற பகுதியில் உள்ள தையல், மக்னீசியமும் சுண்ணாம்பும் வர விடும். தண்ணீரை விடாது.

ஆன்றனி தாளின் பக்கம் குனிந்தான். "அப்பம் நம்ம வலைக் கண்ணி மாதிரியா சாரே? சின்னது போவும், பெருசு நிக்கும்?"

"கண்ணி மாதிரிதான். ஆனா அளவு மட்டும் இல்ல" என்றார் டாக்டர். "தண்ணித் துளிதான் இதுல சின்னது. அது போகாது. மக்னீசியம் தன்னச் சுத்தித் தண்ணியையும் சேத்துக்கிட்டுப் பெருசா வரும். அது போகும்."

"சின்னத நிறுத்திப் பெருச விடுக வலையா? நான் அப்பிடி ஒண்ணக் கண்டதில்லயே சாரே."

"நானும் கண்ணால கண்டதில்ல. அந்த இடுக்கு மின்சாரம் பாத்து விடும். உப்புத் துகள்ல சிலது பிளஸ், சிலது மைனஸ். இந்தத் தையல் பிளஸ்ஸத்தான் விடும். குழாய்க்குள்ள கொஞ்சம் பிளஸ் கூடுதலா நிக்கும். அது இந்தப் பிளஸ்ஸுகளத் தள்ளி இடுக்கு வழியா அனுப்பும். உங்க பிள்ளைக்குப் பிறக்கும்போதே அந்தத் தையலுக்க நூல் சரியா உண்டாகல்ல. இடுக்கு விட மாட்டேங்கு. அதனால எல்லாம் குழாயோடயே போய் மூத்திரத்தில விழுகு. போற வழியில சுண்ணாம்பு படிஞ்சு கிட்னியக் கெடுக்குகு."

"அப்பம் நான் குடுத்த சாப்பாட்டில கொற இல்லயா சாரே?" என்று கேட்டாள் ஜெயமேரி.

"ஒரு கொறையும் இல்லம்மா."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்து, "உங்க அம்மைகிட்ட இத நீங்களே சொல்லணும்" என்றாள்.

மருந்து தொடங்கினார்கள். மக்னீசியம் கூட்டிக் கொடுத்ததும் வலிப்பு நின்றது. சிறுநீரகத்தை முழுக்கக் காப்பாற்ற முடியாது, எவ்வளவு வருடம் தள்ள முடியுமோ தள்ளுவோம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாற்பது நாளில் சிறுநீரகம் கெட்டிருக்காது என்று மேடம் என்னிடம் ஒரு தடவை சொன்னார். அந்தப் பிள்ளையின் புருவத்துக்கு மேலே தழும்பு இருக்கிறது. அது நாற்பது நாளின் தழும்புதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஜெயமேரி கேனோடு வருவாள். வரும்போதெல்லாம் எனக்கு மீன். சாளைக் காலத்தில் சாளை, நெய்மீன் கிடைத்தால் இரண்டு துண்டு. "வேண்டாம் தங்கச்சி" என்றால், "அண்ணனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கதுக்கு" என்று பையை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போவாள். சாப்பிடும்போது அந்த மீனைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவேன். என் வீட்டுக்காரி, "நல்ல மீனுல்லா, எதுக்கு மொகம் இப்பிடிப் போவுகு?" என்பாள்.

மேடத்துக்கு ஜெயமேரி ஒரு நாளும் ஒன்றும் கொண்டுவந்தது இல்லை. மீன் இருக்கட்டும், ஒரு சிரிப்புகூட இல்லை. ஒரு தடவை மேடம் வெளியே வந்து, "பிள்ள சொகமா இருக்காளா?" என்று கேட்டார். ஜெயமேரி காதில் விழாதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேடம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். பெரிய ஆளைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கூச்சக்காரனுக்கு எல்லாரும் கூச்சக்காரராகத்தான் தெரியும்.

மேடம் ரிட்டயர்டு ஆகி மார்த்தாண்டத்துக்குப் போனார். மூன்று வருடத்துக்கு முன்பு இறந்துபோனார். லேபிலிருந்து வேன் பிடித்துப் போனோம். ஜெயமேரிக்கு அப்போது நான் தகவல் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அனிஷாவுக்கு இருபது வயது ஆனபோது சிறுநீரகம் இனித் தாங்காது என்றார்கள். இப்போது இரத்தத்தில் ஜீன் பார்க்கிற வசதி வந்திருக்கிறது. அதில் அந்தத் தையல் நூலின் கோளாறுதான் என்று எழுதி வந்தது. ஜெயமேரி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க முன்வந்தாள். அவளுடைய இடுக்குகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க அவளுக்கும் ஒரு நாள் கேன் எடுத்தோம். நான் கலக்கிய கடைசிக் கேன்களில் அதுவும் ஒன்று. பத்துத் தடவைக்குப் பதில் இருபது தடவை கவிழ்த்தேன். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் நடந்தது. புதுச் சிறுநீரகத்தில் தையல் சரியான தையல். மக்னீசிய மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரி அனிஷாவுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்பத்தான் குடிச்சேன் மாமி, தாகம் இல்ல" என்றாள் பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் இரண்டு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை அது. என் வீட்டுக்காரியும் அவளும் கோழிக்கூடு பார்க்கப் பின்பக்கம் போனார்கள்.

ஜெயமேரி சொன்னாள்: "அந்த மேடம் செய்த தப்புக்கு, நீங்க மட்டும் கண்டுபிடிக்கல்லண்ணா எனக்க பிள்ள எனக்கு இல்ல அண்ணா."

"எந்தத் தப்பு?" என்றேன்.

"முதல்ல பாத்தது தப்பாப் போச்சுல்லா. வார்டுக்கு வந்து கட்டிலுக்க பக்கத்தில நிண்ணு சொன்னாவ. 'ஆசிட் சேக்க மறந்தது நானாக்கும். கையெழுத்தும் எனக்கதாக்கும். கேனுக்க அடியில உப்பு கெடக்கத எங்க அட்டெண்டர்தான் கண்டு சொன்னாரு'ண்ணு. நான் என்ன எல்லாம் ஏசினேன் தெரியுமா. வார்டே பாத்துது. நீ ஒரு பெண்ணா, உனக்குப் பிள்ளை குட்டி உண்டாண்ணு கேட்டேன். அனிஷாக்க அப்பா எனக்க வாயப் பொத்தினாரு. அவிய ஒரு வாக்குத் திருப்பிச் சொல்லல்ல. எல்லாம் கேட்டுட்டு, கேனை எனக்க கையில தந்திட்டுப் போனாவ."

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் தெரிகிறது. மேடத்துக்குப் பிள்ளைகள் கிடையாது. அது ஜெயமேரிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன், ஆனால் முழுக்கச் சொன்னேன். கேனை அளந்தது நான், கலக்காமல் ஊற்றினது நான், அடியில் வெள்ளையைப் பார்த்தபிறகும் நாற்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்தது நான். மேடத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ரிப்பனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் வீட்டுக்குப் போய், பிள்ளையின் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையைப் பார்ப்பாள். மேடம் அன்றைக்கு எதற்காக என் வாயை அடைத்தார் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. இதைப் படிக்கிற லேப் பிள்ளைகளும் அவளிடம் அதைச் சொல்லிவிட வேண்டாம். இந்த நோட்டை வெளியே கொடுக்கவும் வேண்டாம்.

ஜெயமேரி என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவிய இப்பம் எங்க இருக்காவ?" என்று கேட்டாள்.

"இறந்து போனாவ. மூணு வருசம் ஆச்சு."

அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். பின்பக்கத்திலிருந்து பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எத்தன தடவ எனக்க முன்னால வந்து நிண்ணாவ" என்றாள். "ஒரு நாளு பிள்ள சொகமாண்ணு கேட்டாவ. நான் மொகத்தத் திருப்பினேன். அவிய இருக்கும்பம் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணா."

போகும்போது அனிஷா, "போயிட்டு வாறோம் மாமா" என்றாள். ஜெயமேரி சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.

லேபில் உள்ள பிள்ளைகளுக்கு: முறையை மேலே எழுதியிருக்கிறேன். கவிழ்ப்பது பத்துத் தடவை, எந்தத் துணி கட்டியிருந்தாலும். தப்பிப் போனால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஆள் நின்றாலும் சொல்லிவிடுங்கள். லீலா மேடம் போட்ட கையெழுத்துகளில் அந்த ஒரு ரிப்போர்ட் தவறாகப் போனது என்னால். அவர் ஆசிட் சேர்க்க மறந்தது இல்லை.

இதை எழுதி முடித்தது பங்குனி மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.